பத்தா, ரெண்டா

அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் ஒரு பட்டனை அமுக்கினேன். 'எல்லாத்தையும் அப்டேட் செய்'ங்கிற பட்டன். அதை அமுக்கக் கூடாதுன்னு எனக்கே தெரியும். ஒவ்வொண்ணா செய்யணும், ஒண்ணு முடிஞ்சதும் சைட்டைத் திறந்து பாக்கணும், அப்புறம்தான் அடுத்ததைத் தொடணும். இதை நாலு பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கேன். உபதேசம் ஊருக்குத்தானே.

வீட்டுல ஒரு அறையில உக்காந்து கடைங்களுக்கும் சின்னச் சின்ன ஆபீசுங்களுக்கும் வெப்சைட் போட்டுக் கொடுக்கறது என் வேலை. ஹோஸ்டிங் கம்பெனிகிட்ட ஒரே ஒரு இடத்தை வாடகைக்கு எடுத்து, அதுல பதினாலு சைட்டை வெச்சிருந்தேன். டிரைவிங் ஸ்கூல், பல் டாக்டர், மூக்குக்கண்ணாடிக் கடை, பழைய கார் வாங்கி விக்கறவர்னு பதிமூணு அடுத்தவங்களுது. பதினாலாவது எங்க வீட்டுது.

அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு. வாண்டுன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம், பேருக்கு ஏத்த மாதிரிதான் இருப்பா. ரெண்டு வயசுலேருந்து அவளுக்கு வலிப்பு. தினம் மூணு வேளை சிரப் குடிச்சாகணும். ஒரு வேளை தவறினா வலிப்பு வந்துடும், அளவு கூடினா ஆளை அமுக்கிடும். ஒரு தடவை அக்கா கொடுத்துட்டுப் போனது தெரியாம பக்கத்து வீட்டு அம்மா இன்னொரு வேளை கொடுத்துட்டாங்க. பொழுதுக்கும் பிள்ளை கண்ணையே திறக்கல. அன்னிக்குத்தான் நான் அந்த சைட்டைப் போட்டேன். ஒரே ஒரு பக்கம். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி. பக்கத்துல 'கொடுத்தாச்சு'ன்னு ஒரு பட்டன். யார் கொடுத்தாலும் அதைத் தட்டிடணும், நேரம் தானா பதிவாயிடும்.

"யாரும் யாரையும் கேக்காதீங்க, எதையும் ஞாபகத்துல வெச்சுக்காதீங்க. சைட்ல என்ன இருக்கோ அதுதான் அளவு"ன்னு எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னேன். என்னமோ பெரிய சட்டம் போட்ட மாதிரி.

இதை அட்சரம் பிசகாம கடைப்பிடிச்ச ஒரே ஆள் மாமா. அக்கா வீட்டுக்காரர். பஸ் ஓட்டறவர். போர்டுல நாலு பத்துன்னு போட்டிருந்தா, வண்டியில ஆள் இல்லாட்டியும் நாலு பத்துக்குத்தான் எடுப்பார். ஏறப்போற ஆள் ஓடி வர்றதைக் கண்ணால பாத்தாலும் நாலு பத்துதான். என்னை "இன்ஜினியரம்மா"ன்னு கூப்பிடுவார். நான் படிச்சதுக்கும் இன்ஜினியருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது, ஆனா அவர் கிண்டலுக்கும் சொல்லல. உண்மையாவே அப்படி நம்பினார்.

சரி, பட்டனுக்கு வருவோம். நான் அமுக்கினேன், ஒரு கோடு மெதுவா ஓடிச்சு, பாதியில நின்னுச்சு. ஒரு சைட்டைத் திறந்தேன். வெள்ளை. எழுத்து இல்ல, படம் இல்ல, வெறும் வெள்ளை. இன்னொண்ணு. அதுவும் வெள்ளை. பதினாலும் போச்சு.

அதுக்குள்ள டிரைவிங் ஸ்கூல்காரர் ஃபோன் அடிக்கிறார், கார்க்காரர் மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பறார். நான் யாருக்கும் பதில் சொல்லாம பேக்கப் இருக்கிற இடத்தைத் திறந்தேன். தினமும் எல்லா சைட்டையும் ஒரு நகல் எடுத்து வெக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணியிருந்தேன், அதுல மட்டும் நான் கெட்டிக்காரி. நீளமா ஒரு பட்டியல் வந்துச்சு. மேல இருந்ததை எடுத்து, 'பழைய நிலைக்குக் கொண்டுவா'ன்னு கொடுத்தேன்.

மேல இருக்கிறது நேத்து எடுத்ததுன்னு நினைச்சேன். வழக்கமா அப்படித்தான் இருக்கும். ஹோஸ்டிங் கம்பெனி போன மாசம் அந்தப் பக்கத்தையே மாத்தி அமைச்சிருந்தாங்க. பழசு மேல, புதுசு கீழன்னு வரிசையைத் திருப்பிட்டாங்க. தேதி பக்கத்துலயே இருந்துச்சு. படிக்கணும்னா ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடி எனக்கு இல்லாம போச்சு. அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?

மூணு மணிக்கெல்லாம் பதினாலும் எழுந்து உக்காந்துச்சு. டிரைவிங் ஸ்கூலைத் திறந்தேன், இருந்துச்சு. கண்ணாடிக் கடை, இருந்துச்சு. போன உயிர் திரும்பி வந்துச்சு. எல்லாருக்கும் ஃபோன் பண்ணி, "சின்ன பராமரிப்பு வேலை சார், முடிஞ்சுது"ன்னு குரலை இழுத்துச் சொன்னேன். அப்புறம் மேஜையிலயே தலையைச் சாய்ச்சுக்கிட்டேன். பதினாலாவதை நான் திறந்தே பாக்கல. வீட்டுதுதானே, அது எங்க போயிடப் போவுது.

நாலு மணி தாண்டினதும் பல் டாக்டர் ஃபோன் பண்ணினார்.

"ஏம்மா, என் சைட்ல பழைய அட்ரஸ் எப்படி வந்துச்சு? ஒரு பேஷன்ட் அங்க போய் நின்னுக்கிட்டு எனக்கு ஃபோன் பண்றாரு. அந்த இடத்துல இப்ப செருப்புக் கடை இருக்குதாம்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பல்லைப் பிடிச்சுக்கிட்டு செருப்புக் கடையில நிக்கிற ஆளை நினைச்சா யாருக்குத்தான் வராது? "மன்னிச்சுக்கோங்க டாக்டர், இதோ மாத்திடறேன்"னு சொல்லிட்டு, எப்ப இடம் மாறினீங்கன்னு கேட்டேன்.

"ஆறு மாசம் ஆச்சே. நீதானேம்மா மாத்திக் கொடுத்தே?"

ஆறு மாசம். சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. பேக்கப் பட்டியலை மறுபடி திறந்தேன். நான் எடுத்தது எட்டு மாசத்துக்கு முந்தினது.

வாண்டுவோட மருந்து மாறி ரெண்டு மாசம்தான் ஆகுது.

முன்னாடி கொடுத்தது தண்ணி மாதிரி சிரப். ஒரு வேளைக்குப் பத்து மில்லி. அவ்வளவையும் முழுங்க மாட்டேங்கிறான்னு டாக்டர் அதே மருந்துல கெட்டியானதை எழுதிக் கொடுத்தாங்க. அஞ்சு மடங்கு வீரியம். அதனால ரெண்டு மில்லி போதும். அதைச் சைட்ல பத்துலேருந்து ரெண்டா மாத்தினவ நான்தான். இப்ப அதைத் திரும்பப் பத்தாக்கினவளும் நான்தான்.

பதினாலாவது சைட்டைத் திறந்தேன். ரெண்டு தடவை பாஸ்வேர்டு தப்பாச்சு. 'மாலை 4 மணி. 10 மில்லி.' பக்கத்துல பச்சை கலர்ல டிக். 'கொடுத்தாச்சு, 4.02.'

அப்ப மணி நாலு பதினொண்ணு.

அந்த வேளையை எப்பவும் அக்காதான் கொடுப்பா. தையல் ஃபேக்டரியில அவளுக்கு அந்த வாரம்தான் ஷிஃப்ட் மாறியிருந்துச்சு, அன்னிக்குத்தான் முதல் நாள். வீட்டுல இருந்தது மாமா. புது மருந்தை அவர் கையால ஒரு வேளை கூடக் கொடுத்ததில்ல. அக்காவைப் பிடிக்கவும் வழியில்ல, உள்ளே போகும்போதே ஃபோனை வாங்கி லாக்கர்ல பூட்டிடுவாங்க.

மாமாவுக்கு ஃபோன் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுக்கல. மறுபடி போட்டேன். ஒரு காதுல மணி அடிக்குது, கண்ணு அந்தப் பத்தையே பாக்குது, கை பாட்டுக்கு வேலை செய்யுது. பட்டியல்ல கடைசி வரைக்கும் கீழ போய், நேத்து எடுத்த நகலைத் தேடி, இந்த முறை தேதியை ரெண்டு தடவை படிச்சு, அந்த ஒரு சைட்டை மட்டும் நேத்தைய நிலைக்குக் கொண்டுவந்தேன். பத்து போய் ரெண்டு வந்துச்சு. பச்சை டிக்கும் போயிடுச்சு. யாராவது நெருப்புப் பிடிச்ச வீட்டுல முதல்ல ஜன்னலைத் துடைப்பாங்களா? நான் துடைச்சேன். பத்து வருஷப் பழக்கம், சைட்ல தப்புன்னா முதல்ல அதைச் சரி பண்ணு, பேச்செல்லாம் அப்புறம்.

அப்புறம் ஓடினேன். அக்கா வீடு மூணு தெரு தள்ளி. செருப்பு கூடப் போடல. ஒருத்தர் சைக்கிளை நிறுத்தி "என்னாச்சு"ன்னு கேட்டார், நான் நிக்கவே இல்ல. கடவுளே, துப்பியிருக்கணும், எல்லாத்தையும் துப்பியிருக்கணும்னு வாய்விட்டே சொல்லிக்கிட்டு மாடிப்படி ஏறினேன்.

மாமா கதவைத் திறந்தார். கையில கரண்டி, இடுப்புல துண்டு.

"வாங்க இன்ஜினியரம்மா. மெதுவா, மெதுவா. இப்பத்தான் தூங்கினா. அதான் ஃபோனைக் கூட சத்தமில்லாம வெச்சிருக்கேன்."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"என்னது?"

"மருந்து மாமா! எவ்வளவு மருந்து கொடுத்தீங்க?"

"பத்து"ன்னார். "ஏன்? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"அது அதிகம். கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஏன் அதிகம், எப்படி அதிகம்னு நான் சொல்லல. நேரமில்லன்னு அப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். "சைட் தப்பா காட்டிச்சு மாமா"ங்கிறது மொத்தமே நாலு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அவர் கரண்டியைக் கீழ போட்டுட்டு உள்ளே ஓடி வாண்டுவை அள்ளிக்கிட்டு வந்தார். எப்பவும் தூக்கினா அவர் சட்டைக் காலரைப் பிடிச்சுக்குவா, தூக்கத்துலயும் பிடிச்சுக்குவா. அன்னிக்குக் கை தொங்கிச்சு. நான் மருந்து பாட்டிலைப் பைக்குள்ள போட்டேன். சமையல் மேடையில அளவு மூடி கழுவிக் கவுத்து வெச்சிருந்துச்சு. அவர் எதையும் கழுவாம வெக்க மாட்டார்.

டாக்ஸியில பின்னாடி உக்காந்தோம். வாண்டு அவர் மடியில. "குட்டி, அப்பாவைப் பாரு. இங்க பாரு. பஸ் எப்படிப் போகும் சொல்லு"ன்னு அவர் கன்னத்தைத் தட்டிக்கிட்டே வந்தார். அவ ஒரு தடவை கண்ணைத் திறந்து "ம்"னா, மூடிக்கிட்டா. நான் அவ மூக்குக்குக் கீழ விரலை வெச்சுக்கிட்டு வந்தேன். விரல்ல காத்து பட்டுச்சு. அடுத்த காத்து வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு.

பாதி வழியில மாமா ஃபோனை எடுத்தார். சைட்டைத் திறந்தார். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

"ரெண்டுன்னுதானே இருக்கு"ன்னார்.

நான் வாண்டு மூக்குக்குக் கீழ இருந்த என் விரலையே பாத்தேன்.

"ரெண்டுன்னு இருக்கும்மா. கொடுத்துட்டு டிக் வேற போட்டேனே, அதைக் காணோம். சரியாத் தட்டலையோ?" கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பாத்தார். அவர் முகம் மாறிச்சு. "நான் இதைப் பாத்துத்தானே ஊத்தினேன். இதுல ரெண்டுன்னா, நான் ரெண்டுதான் ஊத்தியிருப்பேன். நீ வந்த வேகத்துல, கத்தின கத்துல, எனக்குப் பழைய கணக்கு வாயில வந்துடுச்சு. முன்னாடி பத்துதானே? அதான்."

சொல்லும்போதே அவர் குரல்ல தெம்பு வந்துச்சு. போர்டுல போட்டிருக்கு, அவ்வளவுதான். தன் கையை விட அதை நம்பற மனுஷன். அப்படி நம்பச் சொன்னவ பக்கத்துல உக்காந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுல இடம் கிடைச்சுது. டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணுக்குக் கீழ தூக்கமில்லாத கருப்பு. வாண்டுவோட கண்ணுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டாங்க, பாட்டிலை வாங்கிப் படிச்சாங்க.

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"ரெண்டு மில்லி டாக்டர்"னார் மாமா. "நான் பயத்துல பத்துன்னு உளறிட்டேன், இவ பதறிப் போய்க் கூட்டிட்டு வந்துட்டா. சைட்டைப் பாத்துத்தான் கொடுத்தேன். இதோ பாருங்க." ஃபோனை நீட்டினார்.

டாக்டரம்மா பாத்தாங்க. "பத்தா, ரெண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டுன்னா வழக்கமான அளவுதான், இந்த மருந்துக்கு இவ்வளவு தூக்கம் சில நேரம் வரும். பத்துன்னா இது வேற கதை, ரத்தம் எடுக்கணும், மூச்சைக் கண்காணிக்கணும், உள்ளே சேர்க்கணும்."

"ரெண்டுதான்"னார் மாமா.

நான் பக்கத்துல நின்னேன். என் மனசு அப்ப என்ன சொல்லிச்சுன்னு மறைக்காம சொல்லிடறேன். ரெண்டாவே இருக்கலாமேன்னு சொல்லிச்சு. அவரே சொல்றாரே, பிள்ளையோட அப்பா அவர்தானே. பாதியைத் துப்பியிருப்பா. தூங்கி எந்திரிச்சா சரியாயிடும். சைட்ல இப்ப ரெண்டுதான் இருக்கு, இது பத்தா இருந்தது இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். அக்காவுக்குத் தெரிய வேண்டாம். நாளைக்கு எல்லாரும் சிரிப்பாங்க, நான் பதறினதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. இப்படியெல்லாம் சொல்லிச்சு. பயம் வந்தா மனுஷன் ஓடுவான்னு நினைச்சிருந்தேன். நின்ன இடத்துலயே அசையாமலும் நிப்பான்.

டாக்டரம்மா பேனாவை எடுத்து எழுதினாங்க. ரெண்டுன்னு அவங்க போட்டதை நான் பாத்தேன். "சரி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரி மட்டும் கவனிச்சுக்கோங்க"ன்னு தாளைக் கிழிச்சுக் கொடுத்தாங்க. மாமா அதை மடிச்சு சட்டைப் பையில வெச்சார். "பாத்தியா, ஒண்ணுமில்ல. பயமுறுத்திட்டியே"ன்னு என்னைப் பாத்துச் சிரிச்சார். நிம்மதியில அவர் கண்ணு கலங்கியிருந்துச்சு. செருப்பை மாட்டினார். வாண்டுவைத் தோள்ல போட்டார். அவ தலை அவர் தோள்லேருந்து சரிஞ்சு பின்னாடி விழுந்துச்சு, வாய் திறந்திருந்துச்சு, அவர் கையால தாங்கிப் பிடிச்சார். அவளா தலையை நிமித்தல.

"பத்து"ன்னேன்.

ரெண்டு பேரும் திரும்பினாங்க.

"பத்து டாக்டர். அவர் கொடுத்தது பத்துதான். சைட்ல பத்துன்னு இருந்துச்சு. நான்தான் தப்பா ஏத்தினேன், நான்தான் அப்புறம் ரெண்டுன்னு மாத்தினேன். அவர் மேல தப்பு இல்ல. பத்து, பத்து, பத்து." ஆரம்பிச்ச வாய் நிக்கல. கத்தியிருக்கேன் போலிருக்கு, பக்கத்துக் கட்டில்ல இருந்தவர் எழுந்து உக்காந்துட்டார்.

டாக்டரம்மா என்னை ஒரு கேள்வியும் கேக்கல. பிள்ளையை வாங்கிக் கட்டில்ல போட்டாங்க, நர்ஸைக் கூப்பிட்டாங்க. திரையை இழுத்துட்டாங்க. மாமா பிள்ளையைக் கொடுத்த அவசரத்துல ஒரு செருப்பு கழண்டு போய், திரைக்கு வெளியில நின்னார். என்னைப் பாக்கல.

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியல. திரைக்குள்ள ஒரு மெஷின் சத்தம் போட்டுச்சு. ஒரு தடவை அந்தச் சத்தம் மாறிச்சு, ரெண்டு பேர் உள்ளே ஓடினாங்க. மூச்சு ரொம்ப மெதுவாப் போவுதுன்னு யாரோ சொன்னது காதுல விழுந்துச்சு. முகமூடி வெச்சு ஆக்சிஜன் கொடுக்கச் சொன்னாங்க. நான் தரையில உக்காந்துட்டேன். இனிமே கம்ப்யூட்டரையே தொட மாட்டேன், பேச மாட்டேன், சாப்பிட மாட்டேன், பிள்ளையை மட்டும் கொடுன்னு என்னென்னவோ வேண்டிக்கிட்டேன்.

ஆறரை மணிக்கு டாக்டரம்மா வெளியில வந்தாங்க. "தாண்டிட்டா. இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். வீட்டுக்குப் போயிருந்தீங்கன்னா..."ன்னு ஆரம்பிச்சு, மாமா முகத்தைப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டாங்க. மாமா சுவத்துல சாஞ்சு வாய்விட்டு அழுதார்.

ஷிஃப்ட் முடிஞ்சு, மாமா அனுப்பின மெசேஜைப் பாத்துட்டு அக்கா ஏழு மணிக்கு வந்தா. கழுத்துல ஃபேக்டரி அட்டை, தலைமுடியில நூல் பிசிறு. நேரா உள்ளே போய்ப் பிள்ளையைப் பாத்தா. மாமா கூடக் கொஞ்ச நேரம் பேசினா. அப்புறம் வந்து என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்தா. நான் எல்லாத்தையும் சொன்னேன். பட்டன், பட்டியல், பத்து, நான் மாத்தினது, டாக்ஸி, எதையும் விடல. டம்ளரை இடம் மாத்தி வெச்சாலே வீட்டை ரெண்டாக்கறவ அவ. அடி விழும்னு நினைச்சேன். விழட்டும்னும் நினைச்சேன்.

"அவசரத்துல பண்ணிட்டே"ன்னா. "அது யாருக்கும் வரும்."

நான் அழ ஆரம்பிச்சேன்.

"அவர் ரெண்டுன்னு சொன்னாரே, அப்ப எவ்வளவு நேரம் பேசாம நின்னே?"

"தெரியலக்கா."

"தெரியாம எப்படி? நீதானே நின்னே."

"டாக்டர் எழுதி முடிச்சாங்க"ன்னேன். "தாளைக் கிழிச்சுக் கொடுத்தாங்க. மாமா மடிச்சுப் பையில வெச்சார். செருப்பு மாட்டினார். குட்டியைத் தூக்கினார்."

அக்கா தலையை ஆட்டினா. வாண்டுவோட மருந்துப் பை அது வரைக்கும் என் மடியில இருந்துச்சு. அதை எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டா.